பின்பாதையில் கட்டாத சிவப்புத் துணி

மகனே,

விமலா அந்தச் சிவப்புத் துணியை அவிழ்க்கவில்லை. அதை நான் கட்டவே இல்லை. கட்டாமல் இருந்துவிட்டு, கட்டினேன் என்று தோட்டத்து ஜனம் முழுக்க நின்ற இடத்தில் சொன்னேன். பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் பழியைப் போட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையான உன்னை அதற்குச் சாட்சியாக்கினேன். விஷயம் இவ்வளவுதான். இனி எழுதப்போவதெல்லாம் இது எப்படி நடந்தது என்பது. எப்படி நடந்தது என்று சொல்வதால் செய்தது சிறிதாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே.

போன மாதம் கெமாஸில் உனக்குப் பேசி முடித்த பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அம்மா கேட்டார்: "பையனுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையே, நாத்தனார் முடிச்சு யாருங்க போடுறது?" முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவன் அக்காவோ தங்கையோ போடுவதுதானே வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "பெரியப்பா மக ஒரு அக்கா இருக்காங்க ஆன்ட்டி. ஆனா அவங்களுக்கு அவுக்கத்தான் தெரியும், கட்டத் தெரியாதுலா." எல்லாரும் என்ன என்று கேட்க, நீ கதையைச் சொன்னாய். மருந்தடிக்கிற காட்டில் கட்டிய சிவப்புத் துணியை விமலா தலை ரிப்பனுக்காக அவிழ்த்துக்கொண்டு போனாள், அவள் அம்மாவின் இரண்டு மாடு செத்தது என்று. "நானே என் கண்ணால பார்த்தேன்" என்றாய். அந்த வீடே சிரித்தது. கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நானும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது காரில், "என்னாப்பா, ஒண்ணுமே பேசாம வர்றீங்க?" என்று கேட்டாய். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அதுவும் பொய்.

பிறகு இரண்டு முறை போன் செய்தேன். ஒரு முறை "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்றாய். மறுமுறை எடுக்கவே இல்லை. உன்மேல் எனக்கு அந்தக் குறை உண்டு, மறைக்க மாட்டேன். அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டாமல் எழுதுகிறேன். பொய்யை நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் உன் ஒருவன் காதில் ஓதுவது ஆம்பளைத்தனம் இல்லை.

நீ சிரம்பானில் ஆபீஸ் வேலை செய்கிறவன். என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை. ரந்தாவுக்கு உள்ளே இருந்த நம் ரப்பர் தோட்டத்தில் நான் மருந்து மண்டோர். ஆறு பேர் முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு நிரை நிரையாகப் போய் லாலான் என்ற களைப்புல் சாக மருந்தடிப்பார்கள். அவர்களை நடத்துவது என் பொறுப்பு. மருந்து பட்ட புல் வாடுவதற்கு முன்னால் ஒரு பளபளப்போடு இருக்கும். மாடு அதைத்தான் தேடித் தின்னும். அதனால் நாளை எந்த ரப்பர்க் காட்டில் மருந்தோ, அந்தக் காட்டுக்குப் போகும் ஒவ்வொரு வழியிலும் முதல் மரத்தில் முந்தின நாள் மாலையே சிவப்புத் துணி கட்ட வேண்டும். அது தோட்டத்துச் சட்டம். துணியைக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸில் கொடுப்பார்கள். அதோடு, மாடு வைத்திருக்கிற வீட்டு வாசல்களில் நின்று, "நாளைக்குப் பத்தாம் நம்பர்ல மருந்து, மாட்டைக் கட்டிப் போடுங்க!" என்று குரல் கொடுக்க வேண்டும். அது சட்டம் இல்லை. எனக்கு முன்னால் இருந்த மண்டோர்கள் செய்தார்கள், நானும் செய்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழைப் பின்னால் நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன். மலாய் எழுத்தை மருந்து டின்னைப் பார்த்துக் கற்றேன். மண்டை ஓட்டுப் படத்துக்குக் கீழே ஆடுமாடுகளை விலக்கி வைக்கச் சொல்லி எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த மண்டோர் நான் ஒருவன்தான் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

என் அண்ணன் லோரி கவிழ்ந்து இறந்தபோது விமலாவுக்கு ஆறு வயது. அண்ணி ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டே மூன்று மாடு வளர்த்து, பால் ஊற்றி, அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தார். நம் வீட்டுக்கும் அங்கிருந்துதான் பால். ஒரு நாள் அதில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் நான் போட்டிருந்த பயத்தங்காய்ப் பந்தலை ஒரு கொடி விடாமல் தின்றுவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் அண்ணியைப் பார்த்துக் கேட்டேன். "மாட்டை ஒழுங்கா கட்டி வளக்கணும் அண்ணி. முடியாட்டி வளக்கக் கூடாது."

அண்ணி வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நானே ஒங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தம்பி. மருந்து நாத்தம் புடிச்ச கையால வெச்ச கொடியாச்சே, அதத் தின்ன மாடு இன்னும் எப்படி உசுரோட இருக்கு? ஒங்க பக்கத்துல ஈ கூட வராது, எம் மாடு வந்துருச்சே!" குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒருத்தி, "மண்டோர் வீட்டுல கொசுவத்தியே வாங்க வேணாம்லா!" என்று சேர்த்துக்கொண்டாள்.

உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. எவ்வளவு சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகாது. நகமெல்லாம் மஞ்சள். சின்னப் பிள்ளையில் நான் தூக்கினால் நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாய். அண்ணி பிடித்துப் பேசியது அந்த இடத்தை. இன்றைக்கும் சொல்கிறேன், அப்படிப் பேசியது தப்பு. செத்துப்போனவர் என்பதற்காக அதைச் சரி என்று எழுத என்னால் முடியாது. பந்தல் நாசமானதும் நிஜம். ஆனால் அதற்கு நான் திருப்பிக் கொடுத்தது என்ன என்பதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துப் பத்தாம் நம்பர் காட்டில் மருந்து. அதற்கு இரண்டு வழி. ஒன்று லோரி போகும் செம்மண் பாதை. மற்றது நம் வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் ஓடையைத் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பின்பாதையில் மாடு ஓட்டிப் போவது அண்ணி ஒருவர்தான். மாலையில் செம்மண் பாதையில் ஒரு துணியைக் கட்டினேன். இன்னொரு துணியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் மாடு இருந்த நாலு வீட்டில் குரல் கொடுத்தேன். அன்று குரலைக்கூடக் கொஞ்சம் தணித்துத்தான் கொடுத்தேன். அண்ணி வீடு பின்வரிசையில் கடைசி. வாசலில் உட்கார்ந்து பால் குவளையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விமலா சரித்திரப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்த முகம். நான் நடையைக் கூட்டினேன்.

மாடு சாக வேண்டும் என்று நினைத்தேனா? பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். காலையில் அண்ணி மாட்டை ஓட்டி வருவார், பம்போடு எங்களைப் பார்ப்பார், பதறிப்போய்த் திருப்பி ஓட்டுவார், ஏன் தம்பி சொல்லவில்லை என்று என்னிடம் வந்து நிற்பார். அதுதான் என் எண்ணம். அவரை ஒரு தடவை என் முன்னால் நிற்க வைக்க வேண்டும். ஆனால் அன்று ஓடைப் பக்கத்தை விடியும்போதே அடித்து முடித்துவிட்டு மேட்டுக்கு ஏறிவிட்டோம். வெயில் ஏறுகிற நேரத்தில் கீழே மாட்டு மணி கேட்டது. அண்ணி மாட்டை மேய விட்டுவிட்டு மரம் வெட்டப் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள், பம்புச் சத்தம் வேறு, அவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இறங்கிப் போனால் ஐந்து நிமிஷ நடை. நான், "அடுத்த நிரை" என்றேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவை.

மத்தியானம் இரண்டு மாடு ஓடையோரம் விழுந்து கிடந்தன. ஒன்று சினை. மூன்றாவது தப்பித்தது. மறுநாள் காலை, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரை என்னைக் கூப்பிட்டார். மலாய்க்காரர், சின்ன வயது, நியாயமான மனுஷன். "காயின் மேரா அடா?" என்று கேட்டார். சிவப்புத் துணி இருந்ததா என்று. "அடா" என்றேன். இருந்தது. இரண்டு வழியிலுமா என்றார். இரண்டிலும் என்றேன். துணி இருந்திருந்தால் தோட்டத்தின்மேல் குற்றமில்லை, அண்ணிக்கு நஷ்டஈடு கிடையாது. இல்லாதிருந்தால் என் வேலை போய்விடும். பின்பாதையில் போய்ப் பார்த்த காவல்காரர் அங்கே துணியே இல்லை என்று வந்து சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வாரம் விமலாவின் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அவள் சிவப்பு இல்லத்து அணியில் இருந்தாள். பள்ளிச் சட்டையோடு, பின்னல் நுனியில் சிவப்பு ரிப்பனோடு, அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "இந்தப் பொம்பளப் புள்ளைங்க ரிப்பனுக்கு அவுத்திருக்கும்" என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் அந்தப் பின்னலுக்குப் போனது. அண்ணியின் கண்ணும்.

"இல்லம்மா, இது டீச்சர் குடுத்தது. எல்லாருக்கும் குடுத்தாங்கம்மா" என்றாள் விமலா.

அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ பள்ளி வேனுக்காகப் பையோடு நின்றாய். "டேய், விமலாக்கா கையில சிவப்புத் துணி பார்த்தியா?" "பார்த்தேன்" என்றாய். அது உண்மை. மருந்தடிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அந்த ரிப்பனை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்ததை நீ பார்த்திருந்தாய். அதோடு நான் விட்டிருக்கலாம். "எங்க, பின்பாதைப் பக்கமா?" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு "ம்" என்றாய். கெமாஸில் நீ சொன்ன கதை அங்கே பிறந்தது, மகனே. நீ எதையும் பார்க்கவில்லை. அப்பனுக்கு என்ன பதில் வேண்டும் என்று பார்த்தாய், அதைக் கொடுத்தாய். பிள்ளை என்றால் அப்படித்தான் செய்யும். அதைத் தெரிந்துதான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த "ம்" உனக்குள்ளே வளர்ந்து கண்ணால் பார்த்த காட்சியாகவே ஆகிவிட்டது. மாட்டைக் கொன்றதைவிட, பழி போட்டதைவிட, உன் தலைக்குள் கையை விட்டு நான் செய்த அந்த வேலைதான் இப்போது என்னைத் தூங்க விடவில்லை.

அண்ணி செத்த மாட்டின் கயிற்றாலேயே விமலாவை அடித்தார். யாரும் தடுக்கவில்லை. அந்தப் பெண் ஓடிவந்து எனக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, "சித்தப்பா, நீங்களாச்சும் சொல்லுங்களேன் சித்தப்பா" என்றாள். நான் நகர்ந்துகொண்டேன்.

உன் அம்மா என் கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது அந்தத் துணியைக் கண்டாள். அலசி, காயப்போட்டு, மடித்து, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை பால் விட்ட தேத்தண்ணி அவள் வாயில் பட்டதில்லை. பால் ஒத்துக்கொள்ளாது என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒத்துக்கொள்ளாதது வேறு.

மிச்சமிருந்த மாட்டை அண்ணி விற்றார். விமலா மூன்றாம் படிவப் பரீட்சை எழுதாமலே நின்று, பேக்டரி பஸ்ஸில் ஏறினாள். தோட்டத்துப் பிள்ளைகள் அவளுக்கு 'ரிப்பன்' என்று பெயர் வைத்தார்கள். நீயும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறாய். ஒரு நாளும் நான் உன் வாயில் அடித்ததில்லை. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாம் ரந்தா டவுனுக்கு வந்தோம், அவர்கள் சுவா பக்கம் போனார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் அண்ணி இறந்தபோது நான் மட்டும் போனேன். வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். விமலா வந்தாள். தலையில் அங்கங்கே நரை. "வெயில்ல நிக்காதீங்க சித்தப்பா, கொட்டாய்க்குள்ள வாங்க" என்றாள். வரவில்லை என்றேன். போகவில்லை அவள். "ஒண்ணே ஒண்ணு சித்தப்பா. நான் அவுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"சாவு வீட்டுல எதுக்கும்மா அந்தப் பேச்சு?"

"அம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொன்னேன். 'சரி விடு, சின்னப் புள்ளைல செஞ்சதுதானே, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்'னாங்க. செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிட்டு நிக்கிறேன் சித்தப்பா."

அவள் தாய் உள்ளே கிடத்தப்பட்டிருந்தார். நாலு அடி நடந்து, அந்தக் காதில் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

நீ கல்யாணம் கட்டப்போகிறவன். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அப்பன், சொல்லத்தான் செய்வேன். கோபம் வந்தால் சத்தம் போடு. தட்டைத் தூக்கி எறி. அந்தப் பெண்ணும் எறியட்டும். சும்மா மட்டும் இருக்காதே. நான் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. ஒரு துணியைக் கட்டாமல் சும்மா இருந்தேன், ஒரு வாசலில் சும்மா நடந்தேன், ஒரு மணியைக் கேட்டுச் சும்மா நின்றேன். சும்மா இருந்தவன் செய்தது இவ்வளவு.

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் கிடையாது.

முதலில் நான். இந்த ஞாயிற்றுக்கிழமை சுவாவுக்குப் பஸ்ஸில் போவேன். நீ காரில் கொண்டுபோய் விட வேண்டாம். அந்த வாசலுக்கு நான் சொகுசாகப் போய் இறங்கக் கூடாது. விமலா முன்னால் நின்று சொல்வேன், மணிச் சத்தம் கேட்டதையும் சேர்த்து. அடுத்த வெள்ளிக்கிழமை, நம் தோட்டத்து ஆட்கள் கூடும் கோயிலில், பூசை முடிந்து ஜனம் கலைவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். அன்று பம்பு சுமந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை முன்னால் உட்கார வைப்பேன். வாசித்த பிறகு அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். கல்யாணத்துக்கு முன்னால் குடும்ப மானம் போகுமே என்று நீ சொல்வாய். போகட்டும். அது விமலாவின் மானத்தில்தான் இத்தனை நாள் நின்றது.

உன் அம்மா செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவள் பங்கை இருபத்தைந்து வருஷமாகக் கறுப்புத் தேத்தண்ணியாகக் குடித்துத் தீர்த்துவிட்டாள்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. கெமாஸுக்குப் போய், சிரித்தவர்கள் எல்லாரும் இருக்கும்போது, நான் சொன்ன கதை பொய், நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல். போனில் சொல்லாதே. பிறகு தட்டில் வெற்றிலை பாக்கோடு முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, உன் பெண்ணையும் கூட்டிக்கொண்டு சுவாவுக்குப் போ. என்னோடு போகாதே, எனக்குப் பிறகு போ. அப்பா சொன்னார் என்று ஆரம்பிக்காதே. நான் பார்க்கல அக்கா என்று சொல். அந்த வார்த்தையை அவள் உன் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

விமலா எதுவும் செய்ய வேண்டாம். வா என்று கெஞ்சக் கூடாது, பழசை மற என்று யாரும் அவளுக்குச் சொல்லக் கூடாது. வந்தால் அந்த இரண்டு முடிச்சும் அவளுடையது. நான் மணவறைப் பக்கம் வரமாட்டேன், மண்டபத்தில் கடைசி வரிசையில் இருப்பேன். என் இடத்தில் உன் மாமா நிற்கட்டும். அவள் வராவிட்டால் வேறு யார் கையிலும் அந்தக் கயிற்றைக் கொடுக்காதே. மூன்று முடிச்சையும் நீயே போடு. ஏன், நாத்தனார் யாரும் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறாள் என்று சொல். ஏன் வரவில்லை என்று கேட்டால், கடைசி வரிசையில் இருக்கும் என்னைக் கைகாட்டு.